ஓநாயின் பெயர் தாங்கிய நோய்

ஈப்போ நகரிலிருந்து கோப்பேங் நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், சுண்ணாம்புக் குன்றுகளின் அருகே அமைந்துள்ள ஊர் சிம்பாங் பூலாய். சிம்பாங் என்னும் மலாய்ச் சொல் சாலைகள் கூடும் சந்தியைக் குறிக்கும். பூலாய் என்பது ஒரு மரத்தின் பெயர். தமிழர் ஏழிலைப்பாலை என்று வழங்கும் மரம் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன் பட்டையைக் காய்ச்சி எடுத்த கசப்புநீரைக் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் ஆசிய நாடுகள் பலவற்றில் இருந்தது. காய்ச்சல் மருந்தான மரத்தின் பெயரைத் தாங்கிய இவ்வூரிலிருந்து, காய்ச்சல் என்னும் போர்வைக்குள் நெடுங்காலம் மறைந்திருந்த ஒரு நோயின் வரலாற்றைத் தொடங்குவது பொருத்தமேயாகும்.

அந்நோயின் பெயர் லூபஸ். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். உடல் முழுவதையும் தாக்கும் வகையை மருத்துவர் எஸ்.எல்.இ. என்று சுருக்கமாகக் குறிப்பர். வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்த்து உடலைக் காக்க வேண்டிய ஆற்றலே, தன் உடலைப் பகையென்று பிறழ உணர்ந்து தாக்கத் தொடங்குவதுதான் இந்நோயின் இயல்பு. வேலியே பயிரை மேய்வது என்று தமிழர் கூறுவது இதற்கு முற்றும் பொருந்தும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. நோயுற்றோரில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் பெண்கள்; அவர்களுள்ளும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர். ஒரு குடும்பத்தின் பாரத்தைத் தாங்கும் பருவத்தில் இருப்பவரையே இந்நோய் தேடி வருகிறது என்பது கருதத்தக்கது.

கண்ட காய்ச்சலும் காணாத காய்ச்சலும்

கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தாலும் ரப்பராலும் வளர்ந்த பகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்து ரப்பர் நட்ட தமிழ்த் தொழிலாளர் எதிர்கொண்ட முதற்பகை மலேரியாக் காய்ச்சல். இந்தியாவில் செக்கந்தராபாத்தில் பணியாற்றிய ரொனால்ட் ராஸ், 1897ஆம் ஆண்டில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. 1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் கிள்ளான் வட்டாரத்தில் கொசு ஒழிப்புப் பணியைத் தொடங்கினார். அதன்பின், காய்ச்சல் கண்டவரின் ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் மலேரியாவா அன்றா என்பது தெரிந்துவிடும் என்ற நிலை வந்தது.

கொள்ளைநோய்களும் அவ்வாறே எவர் கண்ணுக்கும் தப்பாதவை. சிம்பாங் பூலாய்க்கு அண்மையில், பத்து காஜா செல்லும் வழியில், வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் எழுப்பத் தொடங்கி முற்றுப்பெறாமற் போன மாளிகை இன்றும் நிற்கிறது. அதன் கட்டுமானப் பணிக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரிடையே, முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் புகுந்து பலரை மாய்த்தது. தொழிலாளர் அம்மனுக்குக் கோயில் கேட்டனர்; துரையும் கட்டிக்கொடுத்தார். கோயிலின் மேல்தளத்தில் தெய்வ உருவங்களுடன் அவருடைய உருவமும் இடம்பெற்றுள்ளது. பலர் ஒருசேர வீழ்ந்தமையால் அந்நோய் அனைவர் கண்ணிலும் பட்டது. அனைவரும் கூடி ஏதேனும் செய்யவும் முடிந்தது.

லூபஸ் அத்தகையதன்று. அது ஒரு லயத்தில், ஒரு வீட்டில், ஒரு பெண்ணை மட்டும் பற்றுகிறது. அக்காலத் தோட்டத்தில் அவளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் கடினமன்று. மாலை தோறும் உடல் காயும். டிரெஸர் கொயினா மாத்திரை கொடுப்பார். விடியற்காலையில் விரல் மூட்டுகள் வீங்கிப் பால்வெட்டும் கத்தியைப் பிடிக்க இயலாது. அது வாதம் எனப்படும், தைலம் தடவப்படும். முகத்தில் சிவப்புப் படரும். அம்மை என்று வேப்பிலை செருகப்படும், அன்றித் தொழுநோயோ என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்குவர். 1930ஆம் ஆண்டில் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்புத் திறக்கப்பட்ட பின்னர், முகத்தில் தோன்றும் ஒரு திட்டு எத்துணை அச்சத்தை விளைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தால் கண்ணேறு எனப்படும். கால் வீங்கினால் ஊதல் நோய் எனப்படும். யாவற்றுக்கும் மேலாக, நீங்காத அசதியால் அவள் பிரட்டுக்கு வராமற் போனால் சோம்பல் என்னும் பட்டம் கிடைக்கும். அன்றையக் கூலியும் போய்விடும்.

ஆறு துன்பங்களுக்கு ஆறு பெயர்கள், ஆறு மருந்துகள். அவை ஆறும் ஒரே நோயின் ஆறு முகங்கள் என்று கூற அங்கு எவரும் இலர். இதற்காகத் தோட்டத்து மருத்துவத்தை மட்டும் குறை கூறுதல் முறையன்று. பாரிசிலும் வியன்னாவிலும் இருந்த பேராசிரியர்களுக்கே அவ்வுண்மை புலப்பட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

தோலிலிருந்து உள்ளுறுப்பு வரை

இடைக்கால ஐரோப்பாவில் முகத்தை அரித்துப் புண்ணாக்கும் நோய்கள் பலவற்றை ஓநாய் கடித்தாற் போன்றவை என்று கூறி, லூபஸ் என்னும் பெயரை இட்டனர். தோலைத் தாக்கும் காசநோயும் அப்பெயருள் அடங்கியிருந்தது. வெவ்வேறு நோய்கள் ஒரே பெயரில் கலந்து கிடந்த குழப்பத்தைத் தெளிவிக்கும் பணி பாரிசில் தொடங்கிற்று. பியேத் என்னும் தோல் மருத்துவர் கண்டவற்றை அவருடைய மாணவர் கசெனாவ் 1833ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1851ஆம் ஆண்டில் செந்நிற லூபஸ் என்னும் பொருள்படும் பெயரையும் வழங்கினார். வியன்னாவில் எப்ரா என்பவர், மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் விரியும் அச்சிவப்பை வண்ணத்துப்பூச்சியின் உருவத்தோடு ஒப்பிட்டார். இன்றும் மருத்துவ மாணவர் மனத்தில் நிறுத்துவது அவ்வுவமையையே.

எனினும் அதுவரை இது தோல் நோயாகவே கருதப்பட்டது. எப்ராவின் மாணவரும் மருமகனுமாகிய கபோசி, 1872ஆம் ஆண்டில் ஒரு பெரும் உண்மையை எழுதினார். இந்நோயுற்றோர் சிலருக்குக் காய்ச்சல், மூட்டுவலி, இரத்தசோகை, நுரையீரல் கோளாறு ஆகியவையும் தோன்றுகின்றன; சிலர் இறந்தும் போகின்றனர் என்பதே அது. தோலில் காண்பது வாயில் மட்டுமே, வீடு உள்ளே இருக்கிறது என்று அவர் உணர்ந்தார் எனலாம். 1895ஆம் ஆண்டு முதல் வில்லியம் ஆஸ்லர் எழுதிய கட்டுரைகள், தோற்சிவப்போடு வரும் நோய்கள் இதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளையும் தாக்கும் என்பதை மேலும் விளக்கின. அவர் கண்ட நோயாளர் அனைவருக்கும் இருந்தது லூபஸ்தானா என்பதில் பிற்கால அறிஞர் ஐயம் கொண்டனர். ஆயினும், தனித்தனி உறுப்புகளைப் பாராமல் முழு மனிதரைப் பார்க்க வேண்டும் என்னும் பாடத்தை அவர் மருத்துவ உலகிற்கு அளித்தார்.

பாடம் கிடைத்ததே ஒழியச் சோதனை கிடைக்கவில்லை. மலேரியாவுக்கு ஒரு துளி இரத்தம் சான்று கூறியது. காசநோய்க்கு 1882ஆம் ஆண்டில் கோக் கண்டறிந்த கிருமி சான்று கூறியது. கிருமியே இல்லாத லூபஸுக்குச் சான்று கூற ஒன்றும் இல்லை. மருத்துவரின் கண்ணும் அனுபவமுமே துணையாக இருந்தன. அவை தவறியபோது, நோயாளர் இறந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது.

1948ஆம் ஆண்டின் திருப்பம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மாயோ மருத்துவமனையில் ஆர்கிரேவ்ஸ் என்பவரும் அவருடைய உடன்பணியாளரும் நோயாளரின் எலும்பு மச்சையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, ஒரு புதுமையைக் கண்டனர். ஒரு வெள்ளணு மற்றோர் அணுவின் சிதைந்த உட்கருவை விழுங்கி நின்றது. லூபஸ் நோயாளரிடம் காணப்பட்ட அவ்வணுவுக்கு எல்.இ. அணு என்று பெயரிட்டு 1948ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உடல் தன் அணுவின் கருவையே பகையாகக் கருதுகிறது என்பதற்குக் கண்ணால் காணத்தக்க முதற்சான்று அதுவே. 1957ஆம் ஆண்டில் பிரியூ என்பவர், உட்கருவுக்கு எதிராக இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருளை ஒளிரும் சாயத்தால் காட்டும் முறையை வகுத்தார். இன்று ஏ.என்.ஏ. எனப்படும் சோதனை அதன் வழிவந்ததே.

அதே மாயோ மருத்துவமனையில், அதே 1948ஆம் ஆண்டில், பிலிப் ஹென்ச் என்பவர் முடக்குவாதத்தால் வருந்திய ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் மருந்தை முதன்முதலாகச் செலுத்தினார். 1950ஆம் ஆண்டில் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. லூபஸ் நோயின் சீற்றத்தை அடக்கவும் அம்மருந்து பயன்பட்டது. நோயை அறியும் வழியும் தணிக்கும் வழியும் ஒரே கூரையின்கீழ்த் தோன்றியமை வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. எனினும் வெற்றி உடனே வந்துவிடவில்லை. 1955ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, நோய் கண்டறியப்பட்டவருள் ஏறத்தாழப் பாதிப்பேரே நான்கு ஆண்டுகள் கடந்து வாழ்ந்தனர் என்று கூறியது.

அதே ஆண்டில் மூர், லுட்ஸ் என்னும் இருவர் வேறோர் உண்மையை வெளியிட்டனர். கிரந்தி நோயைக் கண்டறியச் செய்யும் இரத்தச் சோதனை, அந்நோய் இல்லாத சிலருக்கும் உள்ளதாகக் காட்டிவிடுகிறது. அத்தகையோரைத் தொடர்ந்து கவனித்தால் அவர்களுள் சிலர் பின்னர் லூபஸ் நோயாளராகின்றனர் என்பதே அது. மாசற்ற ஒரு பெண் ஒரு தாளில் எழுதப்பட்ட முடிவால் கணவன் முன்னும் ஊரார் முன்னும் தலைகுனிந்து நின்றிருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது, சரியான நோயறிதல் உயிரை மட்டுமன்றி மானத்தையும் காப்பது என்பது விளங்கும்.

மறைக்கப்பட்ட பெயர்

இலக்கிய அன்பர் அறிய வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் பிளானரி ஓகானர், 1950ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், தம் 25ஆம் வயதில், இரயிலில் ஊர் திரும்பும்போது கடும் நோயுற்றார். முதலில் மூட்டுவாதம் என்றனர். பின்னர் அட்லாண்டா மருத்துவர் ஒருவர் லூபஸ் என்று கண்டறிந்தார். அவருடைய தந்தையும் அந்நோயினாலேயே 1941ஆம் ஆண்டில் இறந்தவர். அதனால் அஞ்சிய தாய், மகளிடம் நோயின் பெயரைக் கூறாமல் மறைத்தார். 1952ஆம் ஆண்டில் ஒரு தோழியின் வாயிலாகவே ஓகானர் அதனை அறிந்தார். அறிந்தபின் ஒடுங்கிவிடவில்லை, நோய் விட்டுவைத்த சில மணி நேரத்தில் நாள்தோறும் எழுதினார். 1964ஆம் ஆண்டில், 39ஆம் வயதில் மறையும் வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

அத்தாயின் உள்ளம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியதன்று. பெண்ணுக்கு நோய் என்று வெளியே தெரிந்தால் வரன் அமையாது என்று அஞ்சி மூடி மறைப்பதும், நோயாளியிடமே உண்மையைச் சொல்லாது விடுவதும் இங்கும் நிகழ்வனவே. அன்பினால் செய்யப்படும் அம்மறைப்பு, மருந்தை இடையில் நிறுத்துவதற்கும் நோய் முற்றுவதற்கும் வழிவகுத்துவிடும். பெயர் தெரிந்த பகையோடு போரிடலாம். பெயர் தெரியாத பகையோடு எவ்வாறு போரிடுவது?

கொயினாவின் மறுபிறவி

இவ்வரலாற்றில் தோட்டத் தமிழர்க்கு நெருக்கமான பகுதி இனி வருவது. 1860களில் நீலகிரி மலையில் அரசாங்கம் சிங்கோனா மரங்களை வளர்த்தது. அம்மரப் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டதே கொயினா. தோட்டத்து மக்கள் முகம் சுளித்துக்கொண்டு விழுங்கிய அக்கசப்பு மருந்தை, 1894ஆம் ஆண்டில் பெயின் என்னும் இலண்டன் மருத்துவர் லூபஸ் நோயாளருக்கும் கொடுத்துப் பயன் கண்டார். இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டில், ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியபோது நேச நாடுகளுக்குக் கொயினா வரத்து நின்றது. மாற்றாகச் செயற்கை மருந்தாகிய மெபாக்கிரின் படைவீரர்க்குப் பெருமளவில் கொடுக்கப்பட்டது. மலேரியாவைத் தடுக்க உண்ட அம்மருந்தால் சிலருடைய தோல் நோயும் மூட்டுவலியும் தணிந்தன. 1951ஆம் ஆண்டில் பேஜ் என்னும் மருத்துவர் அதனை லூபஸ் நோயாளருக்குக் கொடுத்து நற்பயன் கண்டதாக எழுதினார். அவ்வழியில் வந்த ஹைட்ராக்சிகுளோரோகுவின், 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இன்றும் லூபஸ் மருத்துவத்தின் அடித்தளம் அம்மருந்தே. நெடுநாள் உண்போர் கண்ணைக் குறித்த காலத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர, பெரும்பாலோர்க்கு அது தீங்கற்றது. 2020ஆம் ஆண்டில் கோவிட் நோய்க்கு அது மருந்தாகும் என்று பரவிய நம்பிக்கையால் பல நாடுகளில் அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, உண்மையாகத் தேவைப்பட்ட லூபஸ் நோயாளர் அல்லலுற்றனர். 2011ஆம் ஆண்டு முதல் பெலிமுமாப் போன்ற புதிய மருந்துகளும் வந்துள்ளன. காலத்தே கண்டறிந்து முறையாக மருத்துவம் செய்யப்படும் இடங்களில், இன்று பத்தில் ஒன்பது பேர் பத்தாண்டு கடந்து வாழ்கின்றனர். 1955ஆம் ஆண்டின் கணக்கோடு இதனை ஒப்பிட்டால் மருத்துவம் நடந்து வந்த தொலைவு விளங்கும்.

மலேசியாவில் இனங்கண்ட வரலாறு

மலேசியாவில் இந்நோயைப் பற்றிய ஆய்வுகள், 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வி தொடங்கிய பின்னரே வேரூன்றின. 1980ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, மேற்கு மலேசியாவில் சீனரிடையே இந்நோய் மிகுந்து காணப்படுவதைச் சுட்டிற்று. 1997ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவர்கள் 539 நோயாளரின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டனர். 1994ஆம் ஆண்டில் நோயாளருக்குத் துணைநிற்க மலேசிய எஸ்.எல்.இ. சங்கம் தோன்றியது. இந்தியரிடையே நோய் ஒப்பீட்டளவில் குறைவு என்பதால் கவலையற்று இருந்துவிடலாகாது. குறைவாகக் காணப்படும் நோயே எளிதில் தவறவிடப்படும்.

சிம்பாங் பூலாய் வட்டாரமும் மாறிவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. லயத்தில் வாழ்ந்தோரின் பிள்ளைகள் தாமான்களில் குடியேறித் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். டிரெஸரின் மருந்தறை இருந்த காலம் போய், அரசாங்கச் சுகாதார நிலையமும் ஈப்போவின் பெரிய மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன. ஆயினும் ஒன்று மாறவில்லை. காய்ச்சலுக்கு ஒரு கிளினிக், தோலுக்கு மற்றொரு கிளினிக், மூட்டுவலிக்கு வைத்தியர், முடி உதிர்வுக்கு எண்ணெய் என்று துன்பங்களைப் பிரித்துக் கொண்டுசெல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

கவனிக்க வேண்டுவன அரிய குறிகளல்ல. காரணமின்றித் தொடரும் காய்ச்சல், காலையில் மிகும் மூட்டு வீக்கம், வெயில் பட்டால் கன்னங்களில் சிவத்தல், வாயினுள் வலியற்ற புண், முடி உதிர்தல், மூச்சை இழுத்தால் மார்பில் வலி, ஓய்வெடுத்தும் நீங்காத களைப்பு, திரும்பத் திரும்ப நேரும் கருச்சிதைவு ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று மட்டும் தோன்றின் அஞ்ச வேண்டுவதில்லை. பல சேர்ந்தோ, திங்கள்தோறும் ஒன்றன்பின் ஒன்றாகவோ தோன்றின் ஐயுற வேண்டும். சிறுநீரகத்தைத் தாக்கும்போது வலி இராது. சிறுநீரில் நுரை மிகுதலும் கால் முகம் வீங்குதலுமே தெரியும். அதனை எந்தச் சிற்றூர்ச் சுகாதார நிலையத்திலும் எளிய சிறுநீர்ச் சோதனையால் அறியத் தொடங்கலாம்.

சோதனைத் தாளை மட்டும் நம்புவதும் பிழை. ஏ.என்.ஏ. சோதனை நலமுடன் உள்ளோர் சிலருக்கும் நோய்க்குறி காட்டும். எனவேதான் அமெரிக்க வாதநோய் மருத்துவர் 1971ஆம் ஆண்டில் 14 குறிகளையும், 1982ஆம் ஆண்டில் 11 குறிகளையும் வகுத்து, நான்கேனும் பொருந்த வேண்டும் என்றனர். 2019ஆம் ஆண்டில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் இணைந்து, ஏ.என்.ஏ. சோதனையை நுழைவாயிலாக வைத்து, ஒவ்வொரு குறிக்கும் மதிப்பெண் அளித்துப் பத்துப் பெற வேண்டும் என்று அமைத்தனர். அவையும் ஆய்வுக்கென வகுத்த அளவுகோல்களே. முடிவு கூற வேண்டியவர் நோயாளியை முழுமையாகக் கேட்டறிந்த மருத்துவரே.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயும் அதன் காரணமும் ஆராயப்பட்ட பின்னரே மருத்துவம் தொடங்க வேண்டும் என்று வரிசை வகுத்தார். அந்த அதிகாரம் மருத்துவரை மட்டுமன்றி நோயுற்றவரையும் துணை நிற்பவரையும் மருத்துவத்தின் உறுப்புகளாகவே கொள்கிறது. மருத்துவரிடம் பத்து நிமிடமே கிடைக்கும் இக்காலத்தில், எந்தத் துன்பம் எந்த மாதம் வந்தது, எத்தனை நாள் நீடித்தது என்பதை ஒரு பள்ளி நோட்டில் குறித்துவைத்து எடுத்துச் செல்லும் கணவனோ மகளோ செய்யும் உதவி சிறிதன்று. கபோசி முதல் ஆர்கிரேவ்ஸ் வரை அறிஞர் செய்ததும், சிதறிக் கிடந்த குறிகளை ஓரிடத்தில் கூட்டிப் பார்த்ததேயாகும்.

சிம்பாங் பூலாயில் ஈப்போச் சாலையும் கோப்பேங் சாலையும் பத்து காஜாச் சாலையும் கேமரன் மலைச் சாலையும் வந்து கூடுகின்றன. தனித்தனிச் சாலையில் நிற்பவருக்கு அந்த ஒரு சாலை மட்டுமே தெரியும். சந்தியில் நிற்பவருக்கே அவையெல்லாம் ஓரிடத்திற்கு வருகின்றன என்பது தெரியும். சோம்பல் என்றும் கண்ணேறு என்றும் பழிக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர் பெயரறியா நோயோடு மண்ணாயினர் என்பதற்குக் கணக்கில்லை. இனி ஒரு பெண் அசதி என்று அமர்ந்தால், ஏன் என்று கேட்டு, அவள் கூறும் அனைத்தையும் ஒருசேரக் கேட்பது வீட்டிலுள்ளோர் கடமையாகும்.